கொடுக்கும் கை எங்கே?

ஊழலைக் கண்டிக்காதவர் எவருமில்லை. மேடையிலே கண்டிக்கிறார்கள், ஏட்டிலே கண்டிக்கிறார்கள், மன்றத்திலே கண்டிக்கிறார்கள். கண்டிப்போர் வரிசையிலே முதலாளிகளும் நிற்கிறார்கள், மந்திரிகளும் நிற்கிறார்கள். கண்டனம் வளர்கிறது, கண்டிக்கப்படுவதும் கூடவே வளர்கிறது! இந்த விந்தைக்குக் காரணம் யாது? நோயைப் பற்றிப் பேசுவோர் அந்நோயின் ஒரு பாதியை மட்டுமே பார்த்துப் பேசுகின்றனர் என்பது நமது துணிபு.

ஊழல் என்ற சொல் காதில் விழுந்ததும் மனக்கண்முன் தோன்றும் படம் எது? ஒரு மேசை, அதன் பின்னே ஓர் அதிகாரி, மேசைக்கடியில் நீளும் அவருடைய கை. கேலிச் சித்திரக்காரர்கள் தீட்டித் தீட்டி நம் உள்ளத்தில் பதித்துவிட்ட படம் அது. அந்தக் கையிலே பணத்தை வைத்த கை எங்கே? அது மட்டும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது! தமிழ்ச் சொல்லோ அந்தக் கையை மறைக்கவில்லை. கையூட்டு என்கிறோம். ஊட்டுகிறவன் இல்லாமல் ஊட்டுதல் ஏது? சொல்லுக்குத் தெரிந்த உண்மை, சொல்வோருக்கு மறந்துபோயிற்று.

மறந்தவர்கள் பாமரர் மட்டுமல்லர், படித்தவர்களுந்தான். வணிகத்தில் ஊழல், வளர்ச்சியில் ஊழல் என்று கடந்த அறுபது ஆண்டுகளாக ஆராய்ச்சிகள் குவிந்து கிடக்கின்றன. பொருளியலார் ஒரு விளக்கம் தந்தனர். பண்பாட்டை ஆய்வோர் வேறொன்று தந்தனர். அளவை வல்லார் பட்டியல் போட்டுக் காட்டினர். சட்ட வல்லார் விதி வகுத்தனர். விளக்கங்கள் வெவ்வேறு. எனினும், பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குறை உண்டு: வாங்கும் கையைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தவர்கள், கொடுக்கும் கையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுவோம்.

எண்ணெய்த் தத்துவம்

1964ஆம் ஆண்டில் நத்தானியல் லெஃப் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை தீட்டினார். அதிகாரிகளின் ஊழல் பொருளாதார வளர்ச்சிக்குத் துணை நிற்கவுங்கூடும் என்பது அதன் சாரம். அவர் காட்டிய சான்று இது. சிலி, பிரேசில் ஆகிய இரு நாடுகளும் உணவுப்பொருளின் விலையைக் கட்டுப்படுத்த ஆணையிட்டன. சிலி நாட்டு அதிகாரிகள் ஆணையை ஒழுங்காக நிறைவேற்றினர், விளைச்சல் தேங்கிற்று. பிரேசில் நாட்டு அதிகாரிகள் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஆணையைக் காற்றிலே பறக்கவிட்டனர்; விலை ஏறிற்று; ஏறிய விலை கண்டு உழவர் மிகுதியாக விளைத்தனர். ஆகவே நேர்மை கெடுத்தது, ஊழல் காத்தது என்றார் லெஃப். 1968இல் வெளிவந்த தம் நூலில் சாமுவேல் ஹண்டிங்டன் என்னும் அரசியல் அறிஞரும் இந்தக் கருத்துக்கு வலுவூட்டினார். துருப்பிடித்த அரசு எந்திரத்துக்குக் கையூட்டு எண்ணெய் என்ற கொள்கை இப்படித்தான் பல்கலைக்கழகங்களிலே அரங்கேறிற்று.

எதிர்த்தரப்பின் வாதத்தைச் சிதைத்துச் சொல்லிவிட்டு வெல்வது வெற்றியாகாது. ஆகவே ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். மூடத்தனமான ஆணைகள் உண்டு. அவற்றை மீறியதால் சிற்சில இடங்களில் நன்மை விளைந்ததும் உண்டு. ஆனால் எண்ணெய்த் தத்துவம் மூன்று கேள்விகளுக்கு விடை கூறியாக வேண்டும்.

முதற்கேள்வி: எந்திரம் துருப்பிடித்தது எப்படி? லெஃப் கட்டுரை எழுதிய அதே 1964இல், இங்கே இந்தியாவில் ஓர் அறிக்கை வெளிவந்தது. தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழுவின் அறிக்கை அது. மத்தியக் கண்காணிப்பு ஆணையம் பிறந்ததும் அக்குழுவின் பரிந்துரையால்தான். முறையற்ற காரியத்துக்காக அன்றி, முறையான காரியத்தை விரைவில் முடிப்பதற்காகவே கொடுக்கப்படும் பணத்தைப் பற்றி அந்த அறிக்கை பேசிற்று. விரைவுக்கு விலை கிடைக்கும் என்று தெரிந்தபின், தாமதம் தானாக நேர்வதில்லை, தாமதம் உண்டாக்கப்படுகிறது! சுவீடன் நாட்டுப் பொருளியல் மேதை குன்னர் மிர்தால், 1968இல் தம்முடைய பெருநூலில் இந்த உண்மையை எடுத்தாண்டு எண்ணெய்த் தத்துவத்தை மறுத்தார். துருவைப் போக்க எண்ணெய் ஊற்றப்படவில்லை. எண்ணெய் விற்பதற்காகவே துரு ஏற்றப்படுகிறது. பூட்டுப் போடுகிறவனே சாவியையும் விற்கிறான் எனில், பூட்டுகள் குறையுமா, பெருகுமா?

இரண்டாம் கேள்வி: எண்ணெய் ஊற்றியவனுடைய வண்டி விரைந்து ஓடிற்றா? டேனியல் காஃப்மன், ஷாங் ஜின் வெய் என்ற ஆய்வாளர் இருவர், பல நாட்டு நிறுவனங்களிடமிருந்து தகவல் திரட்டி 1999இல் ஆராய்ந்தனர். மிகுதியாகக் கையூட்டுக் கொடுத்த நிறுவனங்கள், அதிகாரிகளோடு பேரம் பேசுவதில் குறைவான நேரமல்ல, மிகுதியான நேரமே செலவழித்தன என்று கண்டனர். கொடுக்கிறவன் எவன் என்று தெரிந்துவிட்டால் அவனைத்தானே மறுபடியும் அழைப்பார்கள்! தில்லியில் ஓட்டுநர் உரிமம் வழங்கப்படும் முறையைச் சோதித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதையே வேறு வகையில் காட்டிற்று. உரிமத்தை விரைவில் பெற்றால் பரிசு என்று ஒரு குழுவினருக்குக் கூறப்பட்டது. இன்னொரு குழுவினருக்கு இலவசமாக ஓட்டப் பயிற்சி தரப்பட்டது. பரிசுக்கு விரைந்தோர் தரகரிடம் பணம் கட்டினர். வண்டி ஓட்டத் தெரியாமலே உரிமம் பெற்றனர். நேர்வழியில் தேர்வுக்குச் சென்றோரோ, ஓட்டத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், காரணமின்றித் தோற்கடிக்கப்பட்டனர். எண்ணெய் எதை விரைவுபடுத்திற்று? ஓட்டத் தெரியாதவன் தெருவுக்கு வருவதை விரைவுபடுத்திற்று!

மூன்றாம் கேள்விதான் நெஞ்சைத் துளைப்பது. லெஃப் தம் வாதத்துக்கு விலைக்கட்டுப்பாட்டு ஆணையைத் தேர்ந்தெடுத்தார். மீறினால் நன்மை தரத்தக்க விதி அது என்று கொள்வோம். ஆனால் கையூட்டு, இது மூட விதி, இது மக்களைக் காக்கும் விதி என்று பிரித்துப் பார்த்தா மீறுகிறது? கையூட்டுக்குக் கண் உண்டா, அறிவு உண்டா? வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவர் என்னும் ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகள் விதியை மீறி எழுப்பப்பட்டவை. கட்டட அனுமதி முறைகேடாக வழங்கப்பட்டது என்று அரசு விசாரணையே பின்னர்க் கூறிற்று. 2013 ஏப்ரல் 23ஆம் நாள் சுவரிலே வெடிப்புக் கண்டது. கீழ்த்தளத்து வங்கிக் கிளை மூடப்பட்டது. மறுநாள் காலை, தையல் தொழிலாளர் மட்டும் உள்ளே போகும்படி கட்டளையிடப்பட்டனர். கட்டடம் இடிந்து நொறுங்கிற்று. மாண்டோர் 1,100க்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தைத்த உடைகள் மேலைநாட்டு அங்காடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. குறித்த நாளில் சரக்கு போய்ச் சேரவேண்டும் என்ற விரைவு ஒருபுறம். விரைவுக்காக வளைக்கப்பட்ட விதி மறுபுறம். கட்டட விதியும் ஒரு தடைதான், ஐயமில்லை. ஆனால் அது வளர்ச்சிக்குத் தடையா, சாவுக்குத் தடையா? எண்ணெய்த் தத்துவம் பேசுவோர் சாவரின் இடிபாட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பண்பாட்டின்மேல் பழி

எண்ணெய் என்றவர்களாவது ஊழலுக்குப் பொருளாதாரக் காரணம் தேடினர். இன்னொரு சாரார் அந்தத் தொல்லையையும் மேற்கொள்ளவில்லை. அந்த நாட்டு மக்களின் பழக்கமே அப்படி என்று கூறி முடித்துவிட்டனர். பெரியோரைக் காணச் செல்கையில் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது கீழைநாட்டு மரபாம். உற்றார் உறவினருக்குப் பதவி தருவது கடமை எனக் கருதப்படுகிறதாம். அன்பளிப்புக்கும் கையூட்டுக்கும் இங்கே எல்லைக்கோடு இல்லையாம். கேட்பதற்கு அடக்கமான ஆராய்ச்சி போலத் தோன்றும். உட்பொருளோ கொடியது. பிறவியிலேயே ஒருவனுக்குக் குணம் அமைந்துவிடுகிறது என்ற பழைய பொய்யை, தனி மனிதனை விட்டு ஒரு நாட்டின்மேல் ஏற்றிச் சொல்வதே அது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று உணர்ந்த நாம், பிறந்த நாட்டால் நேர்மை, நேர்மையின்மை என்பதை எங்ஙனம் ஏற்போம்?

மானிடவியலாரும் களத்தில் இறங்கி ஆய்ந்தோரும் இந்தப் பழியை மறுத்துள்ளனர் என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். ராபர்ட் வேட் என்னும் அறிஞர் தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத்தை நேரில் ஆராய்ந்து 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாசனப் பொறியாளர் உழவரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் பணம் பெறுவதைக் கண்டார். அதோடு நின்றிருந்தால், பார்த்தீர்களா, கீழைநாட்டுப் பழக்கம் என்று கூறிச் சென்றிருப்பார். அவர் மேலும் சென்றார். அந்தப் பொறியாளர் ஏன் வாங்குகிறார்? வளமான இடத்துக்கு மாற்றல் பெற அவரே பணம் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் மேலதிகாரிக்குச் செல்கிறது, அரசியல்வாதிக்குச் செல்கிறது, தேர்தல் செலவுக்குச் செல்கிறது. கொடுத்ததை மீட்கவேண்டும் என்பதால் பிடுங்குகிறார். கால்வாயில் தண்ணீர் மேலிருந்து கீழே பாய்கிறது. பணம் கீழிருந்து மேலே பாய்கிறது! இது பழக்கமா? அன்று. இது ஓர் அமைப்பு. வரவும் செலவும் கணக்கும் உடைய அமைப்பு. பழக்கம் என்றால் தலையசைத்துவிட்டுப் போகலாம். அமைப்பு என்றால் மாற்றியமைக்கலாம்.

வரலாறு என்ன கூறுகிறது? கீழைநாட்டுப் பழக்கம் என்போருக்கு நம் மண்ணின் வரலாறே விடையிறுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபாக இருந்தவர் முகமது அலி. போருக்கும் ஆடம்பரத்துக்கும் பணம் தேவைப்பட்டது. கடன் கொடுத்தவர் யார்? சென்னையில் இருந்த ஆங்கிலேயர். அவருள் பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். கொழுத்த வட்டி. ஈடாக எழுதித் தரப்பட்டதோ நாட்டின் நிலவரி. உழவன் இன்னும் அறுக்காத கதிர்! 1773இல் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபுக்கு அளித்தது. தஞ்சையை அரசரிடமே திருப்பித் தரவேண்டும் என்று இலண்டனிலிருந்து ஆணை வந்தது. அதை நிறைவேற்ற முனைந்தார் ஆளுநர் பிகட். உடனே கிளம்பினார் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சிறு சம்பளம் வாங்கிய ஊழியர். தஞ்சையின் விளைச்சல் தமக்கு ஈடு, இரண்டு இலட்சம் பவுனுக்கு மேல் தமக்கு வரவேண்டும் என்றார்! சிறு சம்பளக்காரரிடம் அவ்வளவு பணம் வந்த வழி யாது என்று கேட்க வேண்டிய ஆட்சிக்குழுவிலோ, நவாபின் கடனில் தாமும் பங்குடையோர் அமர்ந்திருந்தனர். குழுவின் பெரும்பான்மையோர் 1776 ஆகஸ்டில் ஆளுநரையே சிறைப்படுத்தினர். மறு ஆண்டு அவர் காவலிலேயே மாண்டார்.

1785இல் எட்மண்டு பர்க் இலண்டன் மன்றத்தில் எழுந்து, இந்தக் கடன்களை விசாரணையின்றித் தீர்க்க முற்பட்ட அரசைச் சாடினார். பின்னர்க் கர்நாடகக் கடன்களை ஆராய 1805இல் தொடங்கிய ஆணையம் பல்லாண்டு உழைத்தது. கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட மெய்யான கடன் என்று ஏற்கப்படவில்லை! நவாபும் அவருடைய அவையினரும் குற்றமற்றவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் கம்பெனி ஊழியருக்கு ஊழலைக் கற்றுக்கொடுத்தது தஞ்சையின் பண்பாடா? கணக்குப் பேரேடும் கடன் பத்திரமும் கப்பற்படையும் கொண்டு வந்த வணிகமன்றோ அந்த ஊழலின் மறுபாதி! கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட நிலத்தில் வியர்வை சிந்திய உழவனை இரு தரப்பாரும் கேட்கவில்லை.

தூய்மைப் பட்டியல்

1993இல் பெர்லின் நகரில் டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் என்னும் அமைப்பு தோன்றிற்று. 1995 முதல் ஆண்டுதோறும் நாடுகளுக்கு மதிப்பெண் இட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. எந்த நாட்டின் அரசுத் துறையில் ஊழல் மிகுதி என்று வணிகரும் வல்லுநரும் கருதுகிறார்களோ, அந்தக் கருத்தைத் தொகுத்துத் தருவது அந்தப் பட்டியல். ஊழலைப் பற்றிப் பேசவே அஞ்சிய உலக வங்கி போன்ற அமைப்புகளைப் பேசவைத்ததில் அதற்குப் பங்குண்டு. அந்த நன்மையை மறுக்கோம். ஆனால் பட்டியல் யாரை அளக்கிறது, யாரை அளக்கவில்லை?

2001 முதல் 2005 வரை, தொடர்ந்து ஐந்தாண்டுகள், அந்தப் பட்டியலின் கடைசி இடம் வங்காள தேசத்துக்கு. ஜெர்மனியோ தூய நாடுகளின் வரிசையில். உலக ஏடுகள் எல்லாம் செய்தி வெளியிட்டன: ஊழலில் முதலிடம் வங்காள தேசத்துக்கு! அதே ஆண்டுகளில் நடந்ததை இப்போது பாருங்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற சீமென்ஸ் நிறுவனம், 2001 மே முதல் 2006 ஆகஸ்டு வரை, வங்காள தேசத்துக் கைபேசித் திட்டம் ஒன்றின் ஒப்பந்தத்துக்காக, ஆலோசகர் என்று பெயர் சூட்டப்பட்ட இடைத்தரகர் வழியே ஏறத்தாழ 53 இலட்சம் டாலர் கையூட்டு வழங்கிற்று. ஒப்பந்தத்தின் மதிப்பு நான்கு கோடி டாலர் அளவு. எட்டில் ஒரு பங்கு போல! வாங்கிய நாடு பட்டியலின் அடியிலே. கொடுத்த நிறுவனத்தின் தாய்நாடு முடியருகே. ஒரே பேரம், ஒரே பணம்; ஒரு கைக்கு இழிவு, மறு கைக்குப் பெருமை!

2008 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் உண்மை முழுதும் அம்பலமாயிற்று. 2001க்கும் 2007க்கும் இடையே 4,283 முறை, மொத்தம் 140 கோடி டாலர் அளவுக்குப் பல நாட்டு அதிகாரிகளுக்கு அந்நிறுவனம் பணம் கொடுத்திருந்தது. கையூட்டுக்குத் தேவையான ரொக்கத்தை ஊழியர் பெட்டியோடு வந்து அள்ளிச் செல்ல, நிறுவனத்துக்குள்ளேயே பண மேடைகள் இயங்கின. ஒப்புதல் கையெழுத்து எங்கே போடப்பட்டது தெரியுமா? ஆவணத்தின்மேல் ஒட்டிய சிறு தாளில். வேண்டும்போது ஒட்டலாம், விசாரணை வந்தால் கிழித்துவிடலாம்! இதுவும் பண்பாடுதானோ? எந்த நாட்டுப் பண்பாடு? கீழைநாட்டுப் பழக்கம் என்று நூல் எழுதியோர் இதற்கு என்ன பெயர் சூட்டுவர்?

அந்நிறுவனம் ஏறத்தாழ 160 கோடி டாலர் அபராதம் கட்டியது. அபராதம் எங்கே சென்றது? அமெரிக்க, ஜெர்மன் கருவூலங்களுக்கு. கையூட்டுத் தொகையைத் தாங்கிப் பெருத்த ஒப்பந்தங்களின் பாரத்தைச் சுமந்தது ஏழைநாட்டு மக்கள். குற்றத்துக்குத் தண்டமாக வந்த பெரும்பணத்தைப் பெற்றது செல்வ நாடுகள். தூய்மைப் பட்டியலில் இந்தக் கணக்கை எழுத இடமில்லை.

கொடுப்போரையும் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அமைப்புக்கே தோன்றாமலில்லை. கையூட்டுக் கொடுக்கும் நாடுகளின் பட்டியல் ஒன்றை 1999இல் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்தது. 2011க்குப் பின் அது வெளிவரவில்லை. வாங்குவோர் பட்டியலோ ஆண்டு தவறாமல் வருகிறது, ஆரவாரத்தோடு வருகிறது. எந்தப் பட்டியல் நின்றது, எந்தப் பட்டியல் நிலைத்தது என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு வேறு விளக்கம் வேண்டுமா?

சட்டத்தின் ஒற்றைக்கண்

கொடுக்கும் கையைச் சட்டமாவது பார்த்ததா? நெடுங்காலம் பார்க்கவில்லை, பார்த்த இடத்தில் பாராட்டிற்று! 1999 வரை ஜெர்மனியின் நிறுவனங்கள், அயல்நாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த கையூட்டைத் தொழிற்செலவாகக் கணக்குக் காட்டி வரிக்கழிவு பெற முடிந்தது. பயனுள்ள செலவு என்பது அதற்கு வழங்கிய பெயர்! உள்நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் சிறை. அயல்நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் சலுகை. தன் வீட்டில் தீ வைத்தால் குற்றம், அண்டை வீட்டில் வைத்தால் வாணிபம்!

அமெரிக்காவில் கண் திறந்ததற்கு ஒரு விமான நிறுவனம் காரணம். லாக்ஹீடு நிறுவனம் தன் விமானங்களை விற்க அயல்நாட்டுத் தலைவர்களுக்குப் பணம் வாரி இறைத்தது 1976இல் மேலவைக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. சப்பானின் முன்னாள் தலைமை அமைச்சர் டனாகா, 50 கோடி யென் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் அவ்வாண்டே கைதானார், 1983இல் தண்டிக்கப்பட்டார். நெதர்லாந்து அரசியின் கணவர் பெர்ன்ஹார்டு பொதுப் பதவிகளைத் துறக்க நேர்ந்தது. இளவரசரும் வாங்கினார்! அதன்பின் 1977இல், அயல்நாட்டில் கையூட்டுக் கொடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் அமெரிக்காவில் பிறந்தது. மற்றச் செல்வ நாடுகள் அத்தகைய உடன்படிக்கையில் கையெழுத்திட 1997 வரை, இருபது ஆண்டுகள், தேவைப்பட்டன. அந்தச் சட்டத்துக்கும் பின்னர் என்ன நேர்ந்தது? அமெரிக்க நிறுவனங்களின் போட்டித்திறன் குன்றுகிறது என்று காரணம் காட்டி, 2025 பிப்ரவரியில் குடியரசுத்தலைவர் டிரம்ப் அதன் அமலாக்கத்தை நிறுத்தி வைத்தார். ஜூனில் அது மீண்டும் தொடங்கியபோது புதிய நெறிமுறைகளோடு, சுருங்கிய எல்லையோடு தொடங்கிற்று. போட்டித்திறன் என்ற புதுப் புட்டியிலே பழைய எண்ணெய்!

நம் நாட்டுக்கு வருவோம். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் கொடுத்தவனை உடந்தையாகவே கண்டது. கொடுப்பது நேரடிக் குற்றம், வணிக நிறுவனமும் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கும் என்ற நிலை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. வரவேற்கத் தக்கதே. ஆனால் அதே 2018இன் தொடக்கத்தில் வந்தது மற்றொன்று: தேர்தல் பத்திரத் திட்டம்! நிறுவனங்கள் தம் இலாபத்தில் ஏழரை விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குத் தரலாகாது என்ற வரம்பு அதற்கு முந்திய ஆண்டே நீக்கப்பட்டிருந்தது. இனி எவ்வளவும் தரலாம். தந்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. கட்சிகள் பலவும் பெற்றன. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்திட்டத்தை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒருமனதாக நீக்கும்வரை, ஆறாண்டுகள், கொடுக்கும் கைக்குச் சட்டமே முகமூடி தைத்துக் கொடுத்தது.

இங்கேதான் நாம் அறிஞர்களோடு அடிப்படையில் மாறுபடுகிறோம். ராபர்ட் கிளிட்கார்ட் 1988இல் ஒரு வாய்பாடு தந்தார்: ஏகபோகமும், விருப்பம்போல் முடிவெடுக்கும் அதிகாரமும் சேர, பொறுப்புக் குறைந்தால் அதுவே ஊழல் என்று. தெளிவான வாய்பாடு, அலுவலகத்தைச் சீர்திருத்தப் பெரிதும் பயன்படுவது. ஆனால் அது சட்டம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது, அதிகாரி அதை மீறுகிறார் என்ற காட்சிக்கே பொருந்தும். சட்டத்தையே வாங்கிவிட்டால்? மீறவேண்டிய தேவையே இல்லை! சிறு பணம் விதியை மீறுகிறது. பெரும்பணம் விதியை எழுதுகிறது. முன்னதற்கு ஊழல் என்று பெயர்; பின்னதற்குக் கொள்கை என்று பெயர்!

கொடுப்போர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நீதியாகாது. முதியோர் உதவித்தொகைக்கு அலையும் மூதாட்டி கொடுக்கும் நூறு ரூபாயும், சுரங்க உரிமத்துக்கு நிறுவனம் கொடுக்கும் கோடியும் ஒன்றா? முன்னது பறிப்பு, பின்னது முதலீடு. கௌசிக் பாசு என்னும் பொருளியலார், நடுவணரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த 2011இல், உரிமையைப் பெறுவதற்காகத் தொல்லைக்கு ஆளாகிக் கொடுப்பவனைக் குற்றவாளி ஆக்கக் கூடாது, அப்போதுதான் அவன் துணிந்து புகார் சொல்வான் என்றார். பலர் அவரைச் சாடினர். ஆனால் இரு வகைக் கொடுப்பைப் பிரித்துக் காட்டியது அவருடைய நற்பணி. 2018ஆம் ஆண்டுத் திருத்தம், கட்டாயத்தால் கொடுத்தவன் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் குற்றமில்லை என்கிறது. எழுத்தறியா மூதாட்டிக்கு ஏழு நாள். எண்ணற்ற வழக்கறிஞர் உடைய நிறுவனத்துக்கோ ஆண்டுக்கணக்கில் வாய்தா!

தலைவிதி அன்று

எங்கும் ஊழல், எதிலும் ஊழல், இது மாறாது என்று சலித்துக்கொள்வோர் பலர். தலையெழுத்து என்ற சொல்லை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் மனித இயல்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மாறிய இடங்களைக் காட்டுவோம். உகாண்டா நாட்டில் 1991க்கும் 1995க்கும் இடையே, பள்ளிகளுக்கென அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளைச் சென்றடைந்தது. பின்னர், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்று நாளேடுகளில் வெளியிட்டனர். பள்ளிக் கதவுகளிலும் எழுதி ஒட்டச் செய்தனர். 2001இல் 80 விழுக்காட்டுக்கு மேல் சென்றடைந்தது. வேறு சீர்திருத்தங்களும் துணை நின்றன என்பது உண்மை. ஆனால் உகாண்டா மக்களின் பண்பாடு ஐந்தாறு ஆண்டுகளில் மாறிவிட்டதா? இல்லை. கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவே!

இராசத்தானத்தில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்போர் அமைப்பு, 1994 முதல் ஊர்ப் பொதுவிலே கூட்டம் கூட்டி, செலவுப் பட்டியலை உரக்கப் படித்தது. கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு, வேலைக்கு வராதவர் பெயரில் கூலி, கேட்டவர் வெகுண்டனர். கைநாட்டு வைத்த பாட்டாளிகள் எழுப்பிய அந்தக் குரலே வளர்ந்து 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக மலர்ந்தது. எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் அந்தச் சட்டமும் அரசின் ஏட்டைத்தான் திறக்கிறது. தனியார் நிறுவனத்தின் பேரேடு, அரசு அலுவலகம் ஒன்றின் வழியே எட்டக்கூடிய அளவுக்கு அன்றித் திறப்பதில்லை. வாங்கியவன் கணக்கைக் கேட்கலாம். கொடுத்தவன் கணக்கைக் கேட்க முடியாது. பாதிக் கதவே திறந்திருக்கிறது!

ஆகவே, பகுத்தறிவு கொண்டு பார்க்கும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுதான். ஊழல் செய்தி ஏட்டில் வந்ததும், வாங்கியவன் யார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர். கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். கொடுத்த பணத்தை யாரிடமிருந்து திரும்ப எடுக்கிறான் என்று கேளுங்கள். பாலத்துக்கான ஒப்பந்தத்தில் கொடுத்தவன் சிமெண்டிலே எடுப்பான். மருந்துக்கான ஒப்பந்தத்தில் கொடுத்தவன் நோயாளியின் உயிரிலே எடுப்பான். வளர்ச்சி என்று புள்ளிவிவரம் காட்டுகிறவர்களிடம், நிறுவனங்களின் உண்மையான உடைமையாளர் யார், கட்சிகளுக்கு அவர்கள் தந்தது எவ்வளவு, ஒப்பந்த விலை எப்படி முடிவாயிற்று என்ற மூன்றையும் மக்கள் படிக்கக்கூடிய ஏட்டிலே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதை மறுக்கிறவர் ஊழலைக் கண்டித்துப் பேசினால் கைதட்டாதீர்.

வாங்குகிற கையில் விலங்கு மாட்ட வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு கைக்கு மட்டும் விலங்கு மாட்டிவிட்டு, மறு கைக்கு மாலை சூட்டி முதலீட்டாளர் மாநாட்டிலே முன்வரிசையில் அமர்த்தும் வரையில், விலங்கு பூட்டப்பட்ட கைக்குப் பதிலாக வேறொரு கை மேசைக்கடியில் நீண்டுகொண்டே இருக்கும்.